எந்த ஓட்டையில் எந்த ஒயர்

அச்சகத்தின் டிசைன் அறைக்குள் ஓவியா நுழைந்ததுமே கருகல் வாடை மூக்கில் ஏறியது. முந்தின நாள் சாயங்காலம் சிவகாசி விஸ்வநத்தம் பக்கம் இடியும் மழையுமாய்க் கொட்டியபோது கரண்ட் ஏறி இறங்கியதில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டிருந்தது. அச்சுக்குப் பிளேட் போடுகிற ஆட்கள் ஏற்கெனவே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "தேறாதுக்கா" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

பெட்டி போனதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. அதன் முதுகில் செருகியிருந்த ஒயர்களை யாரோ பிடுங்கிப் போட்டிருந்ததைப் பார்த்ததும்தான் பதறிக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

பத்தொன்பது வயதில், ஏழாயிரம்பண்ணை பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் அவளுடைய வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின. ஆறின பிறகு டிசைன் வேலை கற்றுக்கொண்டாள். இந்த அச்சகத்தின் முதலாளி தங்கச்சாமி அவளுக்கு வேலை கொடுத்ததோடு, மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்து அவளுக்கென்று சில சாமான்களையும் பொருத்தித் தந்தார். மேசைமேல் இடது கைப் பக்கம் ஒரு உருண்டை மவுஸ். மவுஸை நகர்த்த வேண்டாம், அதன் தலையில் உட்கார்ந்திருக்கிற பந்தை உருட்டினால் போதும். மேசைக்குக் கீழே வரிசையாக மூன்று கட்டைகள் கொண்ட ஒரு பெடல். மற்றவர்கள் இரண்டு கையையும் விரித்து அழுத்துகிற பட்டன்களை அவள் காலால் அழுத்துவாள். வெட்டு, ஒட்டு, பழையபடி ஆக்கு, எல்லாம் பாதத்தில் இருந்தது. தையல் மிஷினில் உட்கார்ந்தவளைப் போல அவள் கால் ஆடிக்கொண்டே இருக்க, திரையில் பூச்சட்டிக்கும் சாட்டைக்கும் ராக்கெட்டுக்கும் பட்டாசு லேபிள்கள் பிறந்துகொண்டே இருக்கும்.

மதுரைக்காரர் அதற்குப் பிறகு வரவில்லை. அவருடைய போன் நம்பரும் மாறிவிட்டது. அதனால் ஓவியா அந்த ஒயர்களை யாரையும் தொடவிட்டதில்லை. கூட்டுகிற அம்மாளைக்கூட, "அங்கன மட்டும் வேண்டாம், நான் பார்த்துக்கிடுதேன்" என்று தடுத்துவிடுவாள். ஒரு ஒயர் கழன்றால் தன் கை மறுபடியும் போய்விடும் என்று மனதுக்குள் ஒரு பயம். விருதுநகர் சூலக்கரைப் பக்கம் பருப்பு, எண்ணெய் பாக்கெட்டுகளுக்கு அட்டைப்பெட்டி அடிக்கிற பெரிய கம்பெனி ஒன்று அவளை இரண்டு தரம் கூப்பிட்டது. பட்டாசு சீசன் போல ஆறு மாதம் அலறி ஆறு மாதம் தூங்குகிற வேலை இல்லை அது. வருசம் முழுக்க உண்டு. அம்மாவைத் தனியே விட முடியாது என்று சொல்லி இரண்டு தரமும் மறுத்துவிட்டாள். உண்மையில் அவளால் விட முடியாதது அந்தப் பெட்டியில் செருகியிருந்த ஒயர்களைத்தான்.

பத்து மணி வாக்கில் மணிகண்டராஜ் வந்தான். தங்கச்சாமி போன வருசம் தவறியதும் அச்சகத்தை ஏற்றுக்கொண்ட மகன். கையில் ஒரு புது லேப்டாப். வாழை இலை போல மெல்லிசு.

"கவலைப்படாதீகக்கா. வீட்டுக்கு வாங்கி வச்சிருந்தேன், நீங்க வச்சுக்கோங்க. பழசைவிட பத்து மடங்கு வேகம்."

ஓவியா அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இடப்பக்கம் நகக்கண் அளவில் ஒரு ஓட்டை. வலப்பக்கம் அதே போல இன்னொன்று. அதற்கு மேல் ஹெட்போன் செருகுகிற ஒரு பொட்டு ஓட்டை. அவ்வளவுதான். அவளிடமிருந்த ஒயர்களின் தலையெல்லாம் சதுரம் சதுரமாக, தடிதடியாக இருந்தன. எங்கே போய்ச் செருகுவது?

"இது எதுலயும் நுழையாதே சார்."

"அதுக்கும் வாங்கியாந்திருக்கேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தான். ஒரு வால், எதிர்ப்பக்கம் நாலைந்து வாய். "ஹப்புன்னு பேரு. வாலை இதுல குத்துங்க, மத்ததெல்லாம் அதுல குத்துங்க. சாயங்காலத்துக்குள்ள அந்த வடநாட்டு ஆர்டர் பூச்சட்டி லேபிள் பிளேட்டுக்குப் போயாகணும். பார்ட்டி மூணு தரம் போன் அடிச்சுட்டாரு."

இடப்பக்கம் சார்ஜர் இருந்ததால் ஓவியா ஹப்பின் வாலை வலப்பக்கம் குத்தினாள். உருண்டை மவுஸ் வேலை செய்தது. பெரிய மானிட்டரின் ஒயரைச் செருகினாள். மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. பழைய லேபிள்கள் அத்தனையும் இருந்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகினாள். அது விழித்தது, டிக் டிக் என்று முனகியது, மறைந்தது. மறுபடி வந்தது, மறுபடி மறைந்தது. அது மறைகிறபோதெல்லாம் மவுஸும் கூடவே செத்துப் பிழைத்தது. பெடலை அவள் செருகவே இல்லை. அதன் செட்டிங்கெல்லாம் பழைய பெட்டிக்குள் அல்லவா இருந்தது, பெட்டியோடு எரிந்திருக்கும். செருகிப் பார்த்து அது தெரிந்துபோவதைவிடச் செருகாமல் இருப்பதே மேல் என்று தோன்றியது.

லேப்டாப்பின் சின்னத் திரையிலேயே ஒற்றைக் கையால் வேலையை ஆரம்பித்தாள். ஒரு எழுத்தை நகர்த்துவதற்குள் மூன்று பட்டன்களைத் தேட வேண்டியிருந்தது. மானிட்டரில் ரத்தச் சிவப்பாகத் தெரிகிற நிறம் இதில் செங்கல் பொடி போல வெளிறித் தெரிந்தது. எந்தச் சிவப்பை நம்பி பிளேட் போடுவது? உட்கார்ந்தாள், எழுந்தாள், ஹப்பைப் பிடுங்கித் திரும்பச் செருகினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி பிடுங்கினாள்.

மணிகண்டராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஸ்ரீமதி உக்காந்து முடிக்கட்டுமாக்கா? நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க."

ஸ்ரீமதி போன மாதம் சேர்ந்தவள். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு செய்கிற பெண். அவள் வந்து ஓவியாவின் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். "தப்பா எடுத்துக்கிடாதீகக்கா" என்றாள். அவளுடைய பத்து விரல்களும் பட்டன்கள்மேல் இறங்கின. ஓவியாவால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். பிறகு பெடல், மவுஸ், ஹார்ட் டிஸ்க், ஹப் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் அள்ளிப் போட்டாள்.

"இதை வாங்கின கடை எது சார்?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பாண்டிச்செல்வம் கடை. ஏன்க்கா?"

அவள் பையோடு படியிறங்கிவிட்டாள்.

பாண்டிச்செல்வம் தடித்த மனிதர். கடை நிறைய ஒயர்கள் புடலங்காய் போலத் தொங்கின. அச்சகத்தின் பெயரையும் நடந்ததையும் சொல்லி அவள் ஹப்பை நீட்டியதும் சிரித்தார்.

"இதுவா. உங்க முதலாளி வந்தாரு, மவுசு மாட்டணும், இருக்கிறதுல சின்னதாக் குடுங்கன்னாரு. குடுத்தேன். நீங்க இதுல ஒரு ஊரையே மாட்டியிருக்கீகளே தங்கச்சி."

"நுழையுதே அண்ணே. நுழைஞ்சா வேலை செய்யணும்ல?"

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாக." அவர் தன்னுடைய லேப்டாப்பைத் திருப்பி அதன் விலாவைக் காட்டினார். அதிலும் அதே நகக்கண் ஓட்டைகள். "பார்க்க ரெண்டும் ஒண்ணு. ஆனா பக்கத்துல பொடிசா ஒரு படம் போட்டிருப்பான், பாருங்க. இதுல மின்னல் மாதிரி கோடு. கரண்டும் போகும். பக்கத்துல இங்கிலீஷ் D எழுத்து மாதிரி இருக்கே, அது இருந்தா மானிட்டருக்குப் படமும் போகும். இன்னொண்ணுல அந்தப் படம் இல்ல. அதுல ஃபைலு, மவுசு இதுக மட்டுந்தான். சில கம்பெனிக்காரன் படமே போட மாட்டான், அப்ப மாடல் நம்பரை வச்சுத்தான் தேடிப் பார்க்கணும். உங்களுதுல எந்தப் பக்கம் செருகுனீக?"

"வலப்பக்கம். இடப்பக்கம் சார்ஜர் இருந்துச்சு."

"அதான் மானிட்டர் இருட்டு. சார்ஜர் போன ஓட்டைதான் படமும் போற ஓட்டையா இருக்கும். அப்புறம் இந்த ஹார்ட் டிஸ்க்கு உள்ள சுத்துற தட்டு இருக்கு, அதுக்கு நல்லாத் தீனி வேணும். இந்த ஹப்புக்குச் சொந்தமாக் கரண்டு கிடையாது. லேப்டாப்பு குடுக்கிற சொட்டுக் கரண்டை எல்லாருக்கும் பங்கு வச்சா யாருக்கும் வயிறு நிறையாது."

ஓவியா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் அவள் கண் துணிப்பையிலேயே இருந்தது. அவர் அதைக் கவனித்துவிட்டு, "அது என்னது?" என்று பெடலை எடுத்தார்.

"அது இனிமே ஆகாது அண்ணே. அதோட செட்டிங் எல்லாம் எரிஞ்ச பெட்டிக்குள்ள இருந்துச்சு."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அவளாக நினைத்துக்கொண்டதுதான்.

அவர் பெடலின் ஒயரைத் தன் கடைக் கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் யாருக்கோ போட்டுக்கொண்டிருந்த பில் திறந்திருந்தது. பெடலைத் தரையில் வைத்து, "மிதிங்க" என்றார். ஓவியா செருப்பைக் கழற்றிவிட்டு, பழையபடி ஆக்குகிற இடது கட்டையை மிதித்தாள். பில்லில் கடைசியாக அடித்திருந்த வரி மறைந்தது. இன்னொரு தரம் மிதித்தாள். அதற்கு முந்தின வரியும் மறைந்தது.

"ஏ, என் பில்லு" என்றார் பாண்டிச்செல்வம். பிறகு குனிந்து பெடலைப் புரட்டிப் பார்த்தார். "இதுக்குள்ளயே எழுதி வச்சிருக்காக தங்கச்சி. கம்ப்யூட்டருக்கு இது ஒரு கீபோர்டு, அம்புட்டுத்தான். எதுல மாட்டினாலும் பேசும்."

ஓவியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோசப்பட வேண்டிய நேரம். ஆனால் முதலில் வந்தது கோபம். இத்தனை வருசம் ஒரு பெட்டியின் முதுகைக் காவல் காத்தது எதற்காக? ஒரே ஒரு நாள் வேறொரு கம்ப்யூட்டரில் இதைச் செருகிப் பார்த்திருந்தால் என்ன?

"உங்களுக்கு வேண்டியது ஹப்பு இல்ல, டாக்கிங் ஸ்டேஷன். சுருக்கமா டாக்குன்னு சொல்லுவாக" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "அதுக்குத் தனியா கரண்டு உண்டு. மானிட்டர், டிஸ்க், மவுசு, பெடல் எல்லாம் நிரந்தரமா அதுல குத்திக் கிடக்கும். லேப்டாப்புக்கு ஒத்த ஒயர். அதுவே சார்ஜும் ஏத்தும். என்கிட்ட ஸ்டாக் இல்ல. விருதுநகர்ல பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நம்ம மச்சான் கடையில ஒண்ணு கிடக்கு, எடுத்து வைக்கச் சொல்லவா?"

ஓவியா மணிகண்டராஜுக்குப் போன் செய்தாள். அவன் பாதி கேட்டுவிட்டு, "வாங்கிட்டு வந்துருங்க" என்றான். பின்னால் பிரிண்டிங் மிஷின் சத்தம். "சீக்கிரம்க்கா. ஸ்ரீமதி தவிக்கிறா."

விருதுநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளால் சாய்ந்து உட்கார முடியவில்லை. திருத்தங்கல் தாண்டியது, ஆமத்தூர் தாண்டியது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் வேண்டுமென்றே மெதுவாக நிற்பதாகத் தோன்றியது. பக்கத்தில் கோழிக்குஞ்சுக் கூடையோடு இருந்த பெண், "என்னத்தா, கால் வலிக்கா?" என்று கேட்டாள். அப்போதுதான் ஓவியா அங்கே இல்லாத பெடலைத் தன் பாதம் மிதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். எதை அழிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடையில் டாக்கைக் கையில் வாங்கியதும் நேரே திரும்பிவிட வேண்டும். திரும்பத்தான் செய்தாள். ஆனால் பஸ் ஸ்டாண்டில், அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனி வழியாகப் போகிற சாத்தூர் பஸ் ஒன்று, "சூலக்கரை, கலெக்டர் ஆபீஸ்" என்று கூவிக்கொண்டு நகர்ந்தபோது அவள் ஒரு எட்டு முன்னே வைத்து நின்றாள். பிறகு சிவகாசி பஸ்ஸைத் தேடி ஓடினாள்.

அச்சகத்தில் ஸ்ரீமதி பாதி லேபிளை முடித்து வைத்திருந்தாள். சிவப்பு தப்பு. பார்ட்டியின் பெயரில் ஒரு எழுத்தும் விட்டுப்போயிருந்தது. அவள் முகம் அழுகிற மாதிரி இருந்தது. "எனக்கு இதோட ஆழம் தெரியலக்கா. எந்திரிச்சுக்கிடவா?"

ஓவியா டாக்கை மேசையின் பின்பக்கம் வைத்து அதன் அடாப்டரைச் சுவரில் மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. மானிட்டர், டிஸ்க், மவுஸ், பெடல் எல்லாவற்றையும் வரிசையாகச் செருகினாள். லேப்டாப்புக்குப் போக வேண்டிய ஒயர் குட்டையாக இருந்ததால் அதை அட்டைப்பெட்டியிலேயே போட்டுவிட்டு, தன் போன் சார்ஜரின் நீள ஒயரை உருவிச் செருகினாள். தலை இரண்டும் ஒரே மாதிரிதானே.

லேப்டாப் சார்ஜ் ஏறியது. மவுஸ் ஓடியது. மானிட்டர் கறுப்பு.

வலப்பக்கம் மாற்றினாள். கறுப்பு. இடப்பக்கம் திரும்ப மாற்றினாள். கறுப்பு. மணிகண்டராஜ் வந்து அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனான். அவள் ஒவ்வொரு ஒயரையும் மறுபடி அழுத்திப் பார்த்தாள். டாக்கே கோளாறோ, பாண்டிச்செல்வத்தின் மச்சான் பழையதைத் தலையில் கட்டிவிட்டானோ என்று மனசு எங்கெங்கோ ஓடியது. பாண்டிச்செல்வத்துக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். பிஸி.

ஸ்ரீமதி கீழே உட்கார்ந்து அட்டைப்பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள். "இந்தக் குட்டை ஒயரை மாட்டலையாக்கா?"

"அது எட்டாது."

"டாக்கை இங்கிட்டு நகட்டினா எட்டுமே. இது கட்டியா இருக்கு, அது மெல்லிசா இருக்கு. அதான் கேட்டேன்."

ஓவியா அவளை ஒரு கணம் பார்த்தாள். ஓட்டையைப் பற்றி அத்தனை நேரம் பாடம் கேட்டவளுக்கு, ஒயருக்கும் அதே கதைதான் என்று தோன்றவே இல்லை. போன் ஒயர் சார்ஜுக்குச் செய்தது. படத்தைச் சுமக்க அதற்கு நரம்பு கிடையாது. டாக்கை முன்னே நகர்த்திக் குட்டை ஒயரை இடப்பக்க ஓட்டையில் செருகினார்கள். மானிட்டர் ஒருமுறை சிமிட்டியது. பூச்சட்டி லேபிள் முழு அகலத்துக்கு விரிந்தது, சிவப்பு சிவப்பாக.

"நல்லவேளை, நீ இருந்த" என்றாள் ஓவியா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாதத்தைப் பெடலில் வைத்தாள். ஸ்ரீமதி பக்கத்தில் நின்று பார்ட்டியின் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்துச் சரிபார்த்தாள். பொழுது அடைவதற்குள் வேலை பிளேட்டுக்குப் போனது.

வேலை முடிந்தும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. அன்று வீட்டில் அம்மா வேலுத்தாய் பட்டாசு ஆலை வேனிலிருந்து இறங்கிக் கை கால் கழுவிவிட்டு வந்து, "என்னட்டி, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்க?" என்றாள்.

"ம்மா, சூலக்கரை கம்பெனியில கூப்பிட்டாகள்ல. போகவா?"

"நான் எப்பட்டி போகாதன்னு சொன்னேன்? நீயாத்தான எங்கம்மா தனியா இருக்கான்னு சொன்ன. நான் தனியாவா இருக்கேன், வேன் நெறய ஆளோட போறேன் வாறேன்."

மறு வாரம் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, துணிப்பையில் பெடலையும் மவுஸையும் போட்டுக்கொண்டு, சாத்தூரில் பஸ் மாறி சூலக்கரையில் இறங்கினாள். பெடலை எடுத்துப்போவதை மணிகண்டராஜிடம் சொல்லவில்லை. அது வேறு உறுத்திக்கொண்டே இருந்தது.

கம்பெனியில் டிசைன் பிரிவைப் பார்க்கிற பத்திரகாளி என்ற அம்மாள் அவள் கையைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். ஒரு மேசையைக் காட்டி, உளுந்து பாக்கெட்டுக்கு ஒரு மாதிரி டிசைன் செய்யச் சொன்னார். ஓவியா பெடலை எடுத்து, கைக்கு எட்டின இடமாக மானிட்டரின் விலாவில் இருந்த ஓட்டையில் செருகினாள். மிதித்தாள். எதுவும் நடக்கவில்லை.

பழைய ஓவியாவாக இருந்தால் அந்த இடத்திலேயே பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பாள். இப்போதும் கை பைப் பக்கம் போனது. ஆனால் கூடவே, மானிட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு எத்தனை ஒயர் போகிறது என்று கண் தேடியது. படம் கொண்டுவருகிற ஒயர் மட்டும்தான் இருந்தது. விலாவில் ஓட்டை இருந்தாலும், அதைப் பெட்டியோடு சேர்க்கிற இன்னொரு ஒயரை இங்கே யாரும் மாட்டவில்லை.

"மேடம், பெட்டி கீழ இருக்கா? நான் குனிஞ்சு மாட்டிக்கிடவா?"

"ஆளைக் கூப்பிடுறேன், இருங்க."

"வேண்டாம் மேடம், எட்டிரும்."

முந்தானையைச் சொருகிக்கொண்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள். தூசி, நூலாம்படை, யாரோ தின்ற கடலை மிட்டாய்த் தாள். பெட்டியின் முதுகைத் தடவி, பெருவிரலும் சுண்டுவிரலுமாகப் பெடல் ஒயரின் தலையைப் பிடித்து, திருப்பிச் செருகினாள். வெளியே வந்தபோது நெற்றியில் தூசி. மிதித்ததும் திரையில் கோடு வெட்டுப்பட்டது. பத்திரகாளி அம்மாள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் காலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "உளுந்து இன்னும் கொஞ்சம் வெள்ளையா வேணும்" என்றார். "எப்ப வர முடியும்?"

திரும்பி வந்த அன்றே ஓவியா மணிகண்டராஜின் அறைக்குப் போனாள். வேலையை விடப்போவதாகச் சொன்னாள். அவன் பேனாவை மூடி வைத்தான்.

"லேப்டாப் புடிக்கலையாக்கா? வேற மேசைக் கம்ப்யூட்டரே வாங்கித் தாறேன்."

"அதுல ஒரு குறையும் இல்ல சார்."

"பெடலையும் கொண்டுபோவீகளா? அது எங்கப்பா வாங்குனது."

அவன் சண்டைக்காகச் சொல்லவில்லை. அப்பாவின் பெயரைச் சொல்லும்போது குரல் தணிந்துதான் இருந்தது. இருந்தாலும் ஓவியாவுக்கு முகம் சுட்டது.

"அதைக் கேக்கத்தான் வந்தேன். இன்னைக்குச் சொல்லாம எடுத்துட்டுப் போனது தப்புதான். குடுத்தீகன்னா முதலாளி நினைவா வச்சுக்கிடுவேன். இல்லன்னா இங்கனயே இருக்கட்டும், நான் வேற வாங்கி இதே மாதிரி உள்ள எழுதிக்கிடுவேன். எப்படின்னு பாண்டிச்செல்வம் அண்ணன்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது.

"இங்கன வேற யாரு அதை மிதிக்கப் போறா" என்றான். "எடுத்துக்கோங்க. ஆனா தீபாவளி லோடு முடியற வரைக்கும் இருங்கக்கா. ஸ்ரீமதிக்குச் சிவப்பைக் கத்துக்குடுத்துட்டுப் போங்க."

அவள் இருந்தாள். தீபாவளி கழிந்து, கார்த்திகையில் சூலக்கரையில் சேர்ந்தாள். பருப்பும் எண்ணெயும் வத்தல் தூளுமாக நாட்கள் போயின. வேலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதில் மாட்டினாலும் பெடல் பேசும் என்று தெரிந்த பிறகு, ஒரே இடத்தில் வேர்விட்டு உட்கார அவளால் முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் யாரோ, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்கிற டிசைனர்களைத் தேடுவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார்கள். மற்றவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஊறுகாயைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஓவியா டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "எங்கன, கோயம்புத்தூர்லயா?" என்று கேட்டாள்.